அப்பாவுக்கு சுகர், எனக்குக் கர்ப்பத்தில் சுகர்: 8 வயது மகளின் எடை பற்றி ஒரு சந்தேகம்

அம்மாபேட்டை அம்மா:
வணக்கங்க. சேலத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 34 வயதிலேயே சுகர், மாத்திரையில் ஓடுகிறது. எனக்கு மூத்த பையன் வயிற்றில் இருந்தபோது ஒன்றும் இல்லை, இரண்டாவதுக்கு 6-ம் மாதம் சுகர் என்று சொல்லி கடைசியில் இன்சுலின் வரை போனது. பாப்பா பிறக்கும்போதே 3.8 கிலோ. இப்போது 8 வயது, உயரம் 128 செ.மீ., எடை 36 கிலோ. அண்ணனுக்கு 12 வயது, ஒல்லிக்குச்சி. ஒரே வீடு, ஒரே உலைச் சோறு, எப்படி இப்படி? மாமியாரைக் கேட்டால் "நம்ம குடும்ப வாகு, வயசுக்கு வந்தா இறங்கிடும்" என்கிறார். கழுத்துக்குப் பின்னால் வேறு கருப்பாக இருக்கிறது, அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்ததில் அவள் அழுததுதான் மிச்சம். ராத்திரி சோற்றை நிறுத்திவிடலாமா?

மூக்கனேரிக்காரன்:
வளர்ற பிள்ளைங்க, கண்ணு வைக்காதீங்க. எங்க அக்கா பையனும் இப்படித்தான் இருந்தான், இப்போ ஆறடி. சுத்திப் போடுங்க, சரியாயிடும்.

நைட் டூட்டி:
சுற்றிப் போடுவது உங்கள் இஷ்டம், நாரை மட்டும் முதலில் தூர வையுங்கள். அது பெரும்பாலும் அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யாதபோது கழுத்து, அக்குள் பக்கம் தோல் இப்படிக் கறுத்துத் தடிக்கும். தேய்த்தால் போகாது. நான் நர்ஸ், டாக்டர் இல்லை, ஆனால் இதை மட்டும் வைத்தே இந்த வாரம் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள் என்பேன். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, போட்டால் 22-ஐ ஒட்டி வருகிறது. பெரியவர்களுக்கு அது சாதாரணம், 8 வயதுக்கு அப்படி இல்லை. இந்தியக் குழந்தைகளுக்கென்று 2015-ல் குழந்தை மருத்துவர் சங்கம் போட்ட வளர்ச்சி அட்டையில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் பீமா என்ற பழங்குடி மக்களிடம் செய்து 2000-ல் வெளியானது. ஒரே தாய்க்கு சுகர் வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும் வந்த பின் பிறந்த பிள்ளையையும் வைத்துப் பார்த்தார்கள். பின்னால் பிறந்தவர்களுக்குத்தான் எடை கூடுதல். அப்பாவுக்கு சுகர் வந்ததற்கு முன்பின் பிறந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. தாயின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் உள்ளே இருக்கும் பிள்ளை தானே இன்சுலினை அதிகமாகச் சுரந்து கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. இது உங்கள் தப்பு இல்லைங்க, மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதே இதற்காகத்தான், 140-ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்வார்கள்.

வயசுக்கு வந்தால் இறங்கும் என்பதை நம்ப வேண்டாம். அந்தப் பருவத்தில் இன்சுலின் இன்னும் மந்தமாகத்தான் வேலை செய்யும். ராத்திரி சோற்றை நிறுத்துவதும் வேண்டாம், பசியில் அவள் பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போவாள். இந்த வயதில் பெரும்பாலும் எடையைக் குறைப்பதைவிட ஏறாமல் பிடித்து வைப்பதுதான் குறி, உயரம் ஏற ஏற உடம்பு சமன் ஆகும். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். பையன் ஒல்லி என்று அவனையும் விட்டுவிடாதீர்கள். புனேயில் யாஜ்னிக் என்ற டாக்டர் காட்டியது நம் ஊர்க் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் கொழுப்பு குறைவதில்லை என்று. அப்பா பக்கம் பரம்பரை அவனுக்கும் உண்டுதானே.

நாகலூர் காப்பி:
நான் ஏற்காடுங்க. அப்பாவுக்கு சுகர். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் இருக்கிறதா பாருங்கள். யாராவது ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தால் "அப்பாவுக்கு ஆகாது, நீ சாப்பிடு" என்று மொத்தமும் என் தட்டுக்கு வந்துவிடும். கல்யாண வீட்டு இலையில் அவர் ஒதுக்கிய ஜாங்கிரியும் எனக்குத்தான். அவருக்குத் தனியாகக் கேழ்வரகுக் களி, கீரை, எனக்கு ஜவ்வரிசிப் பாயசம், மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ். அப்பா கட்டுப்பாடாக இருக்க இருக்க நான் பெருத்தேன். இப்போது என் பையனுக்கு அதைச் செய்யவில்லை, களி கிண்டினால் எல்லாருக்கும் களி. ஸ்வீட் பாக்ஸ் வந்தால் ஆளுக்கு ஒன்று, மீதி எதிர்வீட்டுக்கு.

அப்புறம் நடை. நாங்கள் மேட்டில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போனோம், இவன் வாசலில் வேன் ஏறுகிறான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறார்கள், மூச்சு வாங்க விளையாடினால்தான் கணக்கு.

அம்மாபேட்டை அம்மா:
நாகலூர் அண்ணா, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நேற்றுதான் அவர் ஆபீஸில் கொடுத்த லட்டு இரண்டையும் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு வந்து பாப்பாவிடம் கொடுத்தார். பாவம், ஆசையாகத்தான் கொடுக்கிறார். சனிக்கிழமை டாக்டருக்கு டோக்கன் போட்டாயிற்று. காந்தி ஸ்டேடியம் பக்கம் சாயங்காலம் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம், அண்ணனும் வருவான், அவளை மட்டும் ஓட விட்டால் தண்டனை மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு கேள்வி, தட்டுவடை செட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டுமா? அது மட்டும் கேட்டு அழுகிறாள்.

நைட் டூட்டி:
சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடையை நிறுத்து என்றால் நானே கேட்க மாட்டேன். வாரத்துக்கு ஒரு செட், கேரட்டும் பீட்ரூட்டும் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள், கடைக்கு நடந்து போங்கள். வண்டியில் வேண்டாம்.