கடற்கரை வேலைக்குப் போன இடத்தில் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

நெய்தல்வாசி:

ஆமை நடைக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பங்குனி ஆமை என்கிற கடலாமை ராத்திரியில் கரையேறி மணலில் முட்டையிடும், அந்தக் கூடுகளைத் தேடித்தான் நடக்கிறோம். அதற்கு மேல் விளக்கவில்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கம் நடக்கிறோம். பிப்ரவரி, நள்ளிரவு தாண்டிவிட்டது. முன்னால் போனவர் சட்டென்று நின்றார். தடம். ஈர மணலில் இரண்டு அடிக்கு மேல் அகலமாக, துடுப்புக் கால்கள் மாறி மாறி இழுத்த வரி. ஓரம்கூட உதிரவில்லை, அவ்வளவு புதுசு. பேச்சை நிறுத்திவிட்டு அதன் பக்கவாட்டிலேயே மேலே ஏறினோம்.

ஏறின தடம் பாதி வழியில் வளைந்து கடலுக்கே திரும்பிவிட்டது. குழி இல்லை. மணலை வாரி மூடிய அடையாளம் இல்லை. முட்டையிடாமலே போயிருக்கிறது. அது திரும்பிய இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஒரு புதுக் கட்டடத்தின் வெள்ளை விளக்கு வரிசை. எங்கள் நிழல் அலை வரைக்கும் நீண்டு கிடந்தது.

நூறுக்குமேல் முட்டையை வயிற்றில் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் வந்த உயிர். வேறு பக்கம் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் மறுநாள் வரும், அப்படித்தான் செய்யும் என்று கூட வந்த அனுபவசாலி சொன்னார். எனக்கு ஆறவில்லை. அந்தப் பருவத்தில் கூடுகள் கிடைத்தன, குஞ்சுகளைக் கடலில் விட்டோம், எல்லாம் சந்தோஷம்தான். கண்ணை மூடினால் வருவது அந்த வளைவு மட்டும்தான்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

குமரிக்கரை:

2025 மே மாதக் கடைசியில் கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் மூழ்கியதே, அதன் பிளாஸ்டிக் குருணை எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தது. மூட்டை உடைந்து, கரை நெடுக ஜவ்வரிசி கொட்டினது போலக் கிடந்தது. சல்லடை, துடைப்பம், முறம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினோம். கடல் அடிக்கிற காலம் வேறு. ஒரு பக்கம் அள்ளி முடித்துத் திரும்பினால் அடுத்த அலை இன்னொரு வரி போட்டுவிட்டுப் போகும். ஈர மணல் சல்லடையில் இறங்காது. கடைசியில் வாளியில் கடல் தண்ணீர் எடுத்து, மணலோடு சேர்த்துக் கொட்டிக் கலக்கினோம். மணல் அடியில் தங்கும், குருணை மேலே மிதக்கும். அதை வழித்து எடுப்போம்.

வாளிக்குப் பக்கத்தில் மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரும் வழித்தார். அப்புறம் கேட்டார்: "மக்களே, மீன் இதைத் தின்னுருக்குமான்னு கேட்டுத்தான் விலையைக் குறைக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"

எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. சின்ன மீன்கள் இதை முட்டை என்று நினைத்து விழுங்கக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் கூடையில் இருந்த மீன் விழுங்கியிருக்கிறதா என்பது யாருக்குத் தெரியும்? அவர் எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் சேர்த்த மூட்டைகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார்கள். நான் அதில் நிற்கவில்லை.

மணல்மேடு:

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் உறுத்துகிறது. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, கடற்கரைத் தூய்மை நாள். பெரிய கூட்டம், ஒரே மாதிரி பனியன், கறுப்புப் பைகள். நடத்தியவர்கள் ஒலிபெருக்கியில், மணலில் இருக்கிற எல்லாவற்றையும் எடுங்கள் என்றார்கள். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். அடம்பங்கொடியை வேரோடு இழுத்தார்கள். இராவணன் மீசை என்கிற முள்புல்லைக் குத்தக் குத்தப் பிடுங்கினார்கள். அதன் விதைப்பந்து காற்றில் மணல் மேல் உருண்டுகொண்டே போகுமே, அதைத் துரத்திப் பிடித்து மிதித்து நசுக்கிப் பையில் திணித்தான் ஒருவன். குப்பத்துச் சிறுவன் ஒருவன் ஓடி வந்து "அண்ணே, அது குப்பை இல்லண்ணே" என்றான். யாரும் காதில் வாங்கவில்லை.

அந்தக் கொடிதான் மணலைப் பிடித்து வைக்கிறது. அது போனால் மேடு போகும், மேட்டுக்குப் பின்னால் இருக்கிற நல்ல தண்ணீர் கிணறும் ஒருநாள் உப்பாகும். 2004 சுனாமிக்குப் பிறகு மணல்மேட்டின் மீதே சவுக்கு நட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன். அடியில் கொடியே வராது. நெய்தல்வாசி சொன்ன ஆமைக்கும் திறந்த மணல்தான் வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்கிறோம் என்பதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

பழைய கை:

மணல்மேடு, ஒரு நாளை வைத்து எல்லாத் தூய்மைப் பணியையும் எடை போடாதீர்கள். நானும் நிறைய நடத்தியிருக்கிறேன். எனக்கு மறக்காதது, பாதி புதைந்த வலையில் சிக்கிய ஒரு ஆமை. ஓடு மட்டும் மிச்சம். துடுப்பைச் சுற்றிய நைலான் நூல் புத்தம் புதுசாகப் பச்சையாக இருந்தது. அவ்வளவுதான் என் கதை.

இனிமேல் நடத்துகிறவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். முதல் நாளே குப்பத்தில் போய்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். மணலில் கிடக்கிற வலை எல்லாமே குப்பை இல்லை. காயப்போட்டதாக இருக்கும், பழுது பார்க்க வைத்ததாக இருக்கும். கேட்காமல் தூக்கினால் ஒரு வீட்டுப் பிழைப்பையே தூக்குகிறீர்கள். நிஜமாகவே விட்டுப்போன வலை என்றால் இழுக்காதீர்கள், இழுத்தால் அறுந்து பாதி உள்ளேயே தங்கும். சுற்றிலும் தோண்டி, கத்தியால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

ஒதுங்கின கடல்பாசியை விட்டுவிடுங்கள், அது நண்டுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் சாப்பாடு. ஊசி, மருந்துக் குப்பியை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகள் கையால் தொடவே கூடாது. தெர்மாகோலை முதலில் பொறுக்குங்கள், வெயில் ஏறினால் உதிர்ந்து காற்றோடு போய்விடும். ஈரக் குப்பையை எடை போட்டு இத்தனை டன் என்று பெருமைப்படாதீர்கள், பாதி எடை மணலும் தண்ணீரும். அதற்குப் பதில் என்ன வகை, எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பைகளும் குவளைகளும் இன்னும் எவ்வளவு வருகின்றன என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் காட்ட நம்மிடம் கணக்கு இருக்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மேல் மணலில் கம்பியால் குத்தவோ இயந்திரம் ஓட்டவோ கூடாது, அடியில் முட்டை இருக்கலாம்.

முட்டையைப் பார்த்துவிட்டால் தோண்டாதீர்கள். இட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உள்பக்கம் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டை உருண்டால் கரு செத்துவிடும். வனத்துறை அனுமதியும் பழகிய கையும் இல்லாமல் இடம் மாற்றுவது சட்டப்படியும் குற்றம், பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர்.

கழிமுகம்:

பிச்சாவரம். உப்புநீர்ச் சேற்றில் வளர்கிற அலையாத்தி மரம் நடும் விழா. பேருந்தில் வந்தார்கள், சேற்றில் இறங்கினார்கள், ஆளுக்கு ஒரு கட்டு சுரபுன்னைக் காய், அலையாத்தியில் ஒரு வகை. நீளமான காய், அப்படியே செருகினால் முளைக்கும். கொஞ்ச தூரத்தில் இருளர் அக்கா ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் பறிக்கூடையை வாயில் கவ்வியிருந்தார். இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில். கூட்டம் போனதும் கரையேறி, நட்ட வரிசையில் நடந்துவந்தார். குனிந்து ஒரு காயைப் பிடுங்கித் திருப்பி நட்டார். அடுத்ததையும். எனக்கு அப்போதுதான் புரிந்தது, பாதிக் காய் தலைகீழாக நிற்கிறது.

"மொட்டு மேல இருக்கணும் தம்பி" என்றார். அப்புறம் நிமிர்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "நேரா நட்டாலும் இங்க வராது. தண்ணி வந்து போவுற இடமா இது?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வரலாறே இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட தரை காய்ந்து அமுங்கி நடுவில் பள்ளமானது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி வற்றி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காத களராகிவிட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஆற்றிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளைகள். ஓதம் உள்ளே வந்து திரும்பிப் போக ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது, வாய்க்கால் சரிவில் நட்டது பிழைத்தது. முத்துப்பேட்டையிலும் இதே முறைதான்.

மறுபடி போனபோது விழா நடந்த இடத்தில் அடையாளக் குச்சிகள் மட்டும் வரிசையாக நின்றன.

வடகடல்:

கழிமுகம், மணல்மேடு இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தெரியாமல் வருகிறவர்கள் மீது ஏன் இவ்வளவு கோபம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நான் அங்கே இருந்தேன். மீனவர்கள் தங்கள் படகிலேயே போய் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். முழங்கை வரை கறுப்பு. ஒருவர் கரையில் வலையை விரித்து, கறையை மண்ணெண்ணெய் துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லூரிப் பையன் ஒருவன் அவர் எதிரே உட்கார்ந்து மறுமுனையிலிருந்து துடைக்கத் தொடங்கினான். அவனுக்கு வலையும் தெரியாது, கடலும் தெரியாது. இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. இருட்டுகிற வரை துடைத்தார்கள். அந்த வலை தேறாது என்று பெரியவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பையனிடம் போய் நீ முறைப்படி செய்யவில்லை என்று சொல்வீர்களா?

நெய்தல்வாசி:

பழைய கை, முட்டை பற்றி எங்கள் குழுவுக்கு முதல் நாளிலேயே சொல்லித்தருவார்கள். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இந்த வேலையைச் செய்கிறார்கள். நான் எழுதியது விளக்கைப் பற்றி. முட்டையைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகலாம், கரையேறாத ஆமைக்கு என்ன செய்வது? 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவை நினைவிருக்கும். வலையில் மாட்டினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிற உயிர் இது. அதையெல்லாம் தாண்டிக் கரைக்கு வந்த ஒன்றை ஒரு விளக்கு திருப்பி அனுப்பிவிட்டது. கடலைப் பார்த்த விளக்கை மறைக்கவோ, பருவத்தில் மட்டுமாவது அணைக்கவோ கட்டடக்காரர்களைச் சம்மதிக்க வைத்தவர் யாராவது இருந்தால் எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.

கழிமுகம்:

வடகடல், அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவன் பெரியவர் எதிரே உட்கார்ந்தான். எங்கள் விழாவுக்கு வந்தவர்கள் தண்ணீரில் நின்ற அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் வருத்தம் அது மட்டும்தான்.

இப்போது எங்கள் குழு காய் நடுவதில்லை. வெட்டின வாய்க்கால்கள் வண்டல் விழுந்து தூர்ந்துபோகும், தூர்ந்தால் பழையபடி உப்புதான். அதனால் ஊர்க்காரர்களோடு மண்வெட்டியும் கூடையுமாகத் தூர் வாரப் போகிறோம். எந்தக் கிளையை முதலில் எடுப்பது என்று அந்த அக்காதான் சொல்கிறார். நாள் முழுக்கச் சேறு, படம் எடுக்க ஒன்றும் இருக்காது. வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். ஓதம் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் நாள் குறிப்போம், முன்கூட்டித் தேதி தர முடியாது.