வ.உ.சி.யின் வீழ்ச்சியைப் படமாக எடுத்தால் எங்கே தொடங்குவது?

பாளை ராசா:
1961இல் பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' நேற்று மறுபடி பார்த்தேன். சிவாஜி நடிப்பில் குறையில்லை. ஆனால் மனதில் நிற்பது கப்பலும் செக்கும்தான். இப்போது ஒருவர் எடுப்பதானால் 1912 டிசம்பரில், கண்ணனூர் சிறைவாசலில் தொடங்கட்டும். சுதேசிக் கப்பல் கம்பெனி போச்சு, வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னது போச்சு, சென்னையில் அரிசி வியாபாரம். சாகும்வரை அந்த 24 வருசம்தான் கதை.

குறுக்குத்துறையான்:
அண்ணாச்சி, இன்னொரு அழுகைப் படமா? அவரைப் பாவப்பட்ட மனுசனாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கப்பல் கம்பெனிக்கு ஒரு பங்கு 25 ரூபாய் என்று 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம். 1906இல் தூத்துக்குடியில் உட்கார்ந்து இந்தக் கணக்குப் போட்டவர் அவர். வெள்ளைக்காரன் கம்பெனி கொழும்பு டிக்கெட்டைக் குறைத்துக் குறைத்து, இலவசமாகவே ஏற்றுகிறேன் என்று இறங்கி வந்தது. தூத்துக்குடி கோரல் நூற்பாலை வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு வாங்கிக் கொடுத்தார். அதை எடுக்கச் சொல்லும்.

பாளை ராசா:
அது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. அவரைப் பிடித்து உள்ளே போட்டதும், 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியே பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். அவர் வெளியே வந்தபோது அந்தக் கூட்டம் எங்கே போனது? எனக்கு அதைச் சொல்லும் படம் வேண்டும்.

குறுக்குத்துறையான்:
எங்கே போகும்? கலவரத்துக்குத் தண்டம் என்று கூடுதல் போலீசை நிறுத்தி, அந்தச் செலவையும் ஊர்க்காரன் தலையிலேயே கட்டினார்கள். 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபின் கெடுபிடி இன்னும் கூடியது. பிள்ளைகுட்டிக்காரன் பயப்படத்தான் செய்வான். நூறு வருசம் கழித்து நாம் செல்போனில் வீரம் பேசலாம்.

கோவில்பட்டி வக்கீல்:
நடுவில் வருகிறேன். சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. அப்புறம் எங்கள் ஊரில்தான் தொழில் பார்த்தார். வெள்ளைக்காரன் என்றாலே வில்லன் என்று காட்டுகிற டைரக்டர் இதை எங்கே வைப்பார்?

பாளை ராசா:
நல்ல காட்சி அது. இன்னொன்றும் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதற்காக 1915இல் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 347 ரூபாய் சொச்சம். அதற்குக்கூடக் காத்துக் கிடந்தார் என்றால் வீட்டு நிலைமை எப்படி இருந்திருக்கும்!

குறுக்குத்துறையான்:
அங்கேதான் வருவீர் என்று தெரியும். காந்தியைத் திட்ட வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை. பணம் வந்து சேர்ந்தது வே, அதையும் காட்டணும். 1920இல் ஒத்துழையாமை சரிப்படாது என்று காங்கிரசை விட்டு வந்ததும் அவரேதான். விலகியவரைக் கைவிடப்பட்டவர் என்றால் எப்படி?

பாளை ராசா:
சரி, விலகினார். பிறகு 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் போய் ஏன் உயிரை விட்டார்? அதற்குப் பதில் சொல்லும்.

குறுக்குத்துறையான்:
அந்தக் காட்சிக்கு மட்டும் டிக்கெட் எடுக்கிறேன். பின்னால் வயலின் அழுதால் பாதியில் எழுந்து வந்துவிடுவேன், இப்பவே சொல்லிவிட்டேன்.