இண்டெக்ஸ் போட்டும் குவெரி நகரவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு வாடிக்கையாளர் டேபிள், சுமார் 40 லட்சம் வரிசைகள். கைப்பேசி எண்ணை வைத்துத் தேடினால் பதில் வர ஆறேழு விநாடி ஆனது. அந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் (முழு டேபிளையும் படிக்காமல் வேண்டிய வரிசைக்கு நேரே போக உதவும் அடுக்கிய பட்டியல்) ஏற்கெனவே இருந்ததால் சர்வர் மீதுதான் சந்தேகப்பட்டோம். மெமரியைக் கூட்டியும் பலனில்லை.

அப்புறம்தான் குவெரிக்கு (தேடல் கட்டளைக்கு) முன்னால், அது எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்த்தேன். 'பாசிபிள் கீஸ்' என்ற இடத்தில் இண்டெக்ஸின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் 'கீ' என்ற இடத்தில் நல், அதாவது எந்த இண்டெக்ஸையும் பயன்படுத்தவில்லை. டைப் 'ஆல்', அதாவது முழு டேபிளையும் படிக்கிறது. ஃபீல்டு வார்கேர், அதாவது எழுத்தாகச் சேமிக்கும் வகை. எங்கள் நிரலோ எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படி அனுப்பினால் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள மதிப்பை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். '1', '01', '001' மூன்றும் எண்ணாகப் பார்த்தால் ஒன்றே. எழுத்து வரிசைப்படி அடுக்கிய இண்டெக்ஸில் மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கும். எங்கே போய்த் தேடும்? மேற்கோள் குறி சேர்த்ததும் பதில் சட்டென்று வந்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

எனக்குப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மாட்டியது டெலீட். பழைய ஆர்டர்கள் சில ஆயிரத்தை அழிக்க அரை மணி நேரம் ஓடியது. தேடும் பகுதியில் இண்டெக்ஸ் சரியாகவே வேலை செய்தது. குவெரியை ஓட்டியே நேரத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸின் கடைசி வரிகளைப் பார்த்தால், ஃபாரின் கீக்கான (ஒரு டேபிளின் வரிசை இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் இணைப்புக்கான) டிரிக்கர், அதாவது தானாக ஓடும் சரிபார்ப்புதான் மொத்த நேரத்தையும் தின்றிருக்கிறது. ஒவ்வொரு ஆர்டரை அழிக்கும்போதும் அதைச் சுட்டும் வரிசை உண்டா என்று ஆர்டர் விவர டேபிள் முழுவதையும் துழாவியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி சுட்டும் ஃபீல்டுக்குத் தானே இண்டெக்ஸ் போட்டுவிடும். போஸ்ட்கிரெஸில் நாம்தான் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் என்றால் இண்டெக்ஸ் போடும் கட்டளையில் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் முடியும் வரை இன்செர்ட், அப்டேட் எல்லாம் காத்துக் கிடக்கும். நடுவில் அது தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை மறக்காமல் நீக்குங்கள்.

*

எங்களுக்கு நேர்மாறான கதை. ஒரே டேபிளில் 14 இண்டெக்ஸ், ஒவ்வொரு இன்செர்ட்டும் அத்தனையிலும் எழுதியாக வேண்டும். பயன்பாட்டுக் கணக்கைப் பார்த்து, ஒருமுறைகூடத் தொடப்படாத ஐந்தை நீக்கினோம். இன்செர்ட் வேகம் கூடியது. ஆனால் மாதக் கடைசியில் மட்டும் ஓடும் அறிக்கைக்கு அதில் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. அந்த இரவே திரும்பப் போட்டோம்.