கீசரில் தண்ணி இறக்கி எலிமென்ட் மாற்றுவது

நுவரெலியாவிலிருந்து:
தண்ணியைச் சூடாக்கும் எலிமென்டை மாற்ற 50 லீட்டர் கீசரைக் காலியாக்கும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்றுதான். கீசருக்குத் தண்ணி வரும் வால்வை மூடிவிட்டு சுடுதண்ணி டெப்பைத் திறந்தால் டேங்க் காலியாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. சுடுதண்ணிக் குழாய் டேங்குக்குள்ளே உச்சிவரை போகிறது. பைப்பில் நிற்கும் தண்ணி மட்டும்தான் வரும். தண்ணி இறங்குவது நீல வளையம் போட்ட வாயால், சிவப்பு வளைய வாய் காற்று ஏறும் வழி.

முதலில் பிரேக்கரை இறக்குங்கள், சுவிட்ச் மட்டும் போதாது. பச்சைத்தண்ணி வருமட்டும் சுடுதண்ணி டெப்பை ஓடவிட்டு, பிறகு வால்வை மூடி, சிவப்பு வாயின் நட்டைக் கழற்றுங்கள். நீல வாயிலுள்ள சேஃப்டி வால்வின் பிடியைத் தூக்கினால் தண்ணி இறங்கும், ஆனால் நூல் மாதிரி. அவசரமென்றால் அந்த வால்வையே கழற்றணும். அதன் கீழே ஹோஸைக் கழற்றிப் பிரயோசனமில்லை. தண்ணி திரும்பாத தடுப்பு வால்வுக்குள் இருக்கிறது. கடைசி ஒன்றிரண்டு லீட்டர் எலிமென்ட் தட்டைக் கழற்றும்போது கொட்டும், வாளி பிடியுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:
அண்ணன் சொன்னதுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கு. பிரேக்கரை இறக்கி, வயரைக் கழற்றி, எலிமென்டின் இரண்டு முனையிலும் ஓம் அளக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். 2000 வாட் எலிமென்ட் சுமார் 26 ஓம், 1500 வாட் சுமார் 35 ஓம் காட்டணும். அது சரியாக இருந்தும் டிரிப் விழுந்தால், எலிமென்ட் உறை வெடித்து கரண்ட் எர்த்துக்குக் கசியலாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மட்டும் பழுதாகியிருந்தால் அநேகமான கீசர்களில் தண்ணி இறக்கவே தேவையில்லை.

திறந்ததோடு, டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காக்கும் மக்னீசியக் கம்பியையும் பாருங்கள். நம்ம ஊற்றுத் தண்ணியில் உப்பு படிவது குறைவு, கம்பி கரைவதுதான் பிரச்சினை. நடுவிலுள்ள இரும்பு தெரிந்தால் மாற்றுங்கள். விட்டால் துரு டேங்கைத் தின்னும். எலிமென்ட் தட்டின் வாசரையும் புதிதாகப் போட்டு, நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முதலில் இறுகினால் மறுபக்கம் கசியும்.

ஹட்டனிலிருந்து:
திரும்ப நிரப்பும்போது சுடுதண்ணி டெப் திறந்தே இருக்கணும். காற்று துப்புவது நின்று தண்ணி ஒரே சீராக வந்த பிறகுதான் பிரேக்கர். வெறும் டேங்கில் கரண்ட் கொடுத்தால் புது எலிமென்ட் அந்த இடத்திலேயே எரிந்துவிடும்.

சூடேறும்போது சேஃப்டி வால்வு சொட்டும், அது பழுதில்லை. 15 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போகையில் 50 லீட்டர் தண்ணி முக்கால் லீட்டருக்கு மேல் விரியும். சொட்டுகிறதே என்று அந்த வாயை அடைக்காதீர்கள், தம்பிமாரே. அழுத்தம் போக வழியில்லாமல் டேங்க் வெடிக்கும்.