உதவி: சிஎஃப்எஸ் 2-ல கி-45 தோர்யூ சேர்த்தேன், ரன்வேயில வாலைத் தூக்கிக்கிட்டு நிக்குது

மாறன்45:
வணக்கம் மக்களே. கம்பாட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2-ல, அதான் 2000-ல வந்த பசிபிக் போர் கேம், அதுல கவாசாகி கி-45 தோர்யூவ சேர்த்துப் பறக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஜப்பான்காரங்க விமானம்னாலே எல்லாரும் ஒத்தை எஞ்சின் ஃபைட்டரான ஸீரோவத்தான் ஸீரோ ஸீரோன்னு பேசுவாங்க, ரெட்டை எஞ்சின் வச்சு ராத்திரியில அமெரிக்க பாம்பரான பி-29 பின்னாடி போன இந்த விமானத்த யாரும் கண்டுக்கறதில்ல. பழைய கலெக்‌ஷன் ஒண்ணுல மாடலும் டெக்ஸ்சரும் மட்டும் கிடைச்சுது, பறக்குற விதத்துக்கான ஏர் ஃபைல் இல்ல, துப்பாக்கி, சேதத்துக்கான டிபி ஃபைல் இல்ல, பேர், சக்கரம் மாதிரி செட்டிங்குக்கான ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி இல்ல. ரெட்டை எஞ்சின்தானேன்னு கேம்ல இருக்குற அமெரிக்க ஃபைட்டர் பி-38 ஃபோல்டர்ல இருந்து மூணையும் காப்பி பண்ணி பேரை மாத்திக்கிட்டேன், பேனல் மட்டும் ஜப்பான் மாதிரி இருக்கட்டும்னு ஸீரோவோடதையே எடுத்துக்கச் சொல்லி ஏலியஸ் குடுத்தேன். லிஸ்ட்ல வருது, பறக்கவும் பறக்குது. ஆனா
ரன்வேயில நிக்கும்போது வால் அந்தரத்துல இருக்கு, முன் சக்கரம் ரெண்டும் பாதி தரைக்குள்ள புதைஞ்சிருக்கு. எஞ்சின் மீட்டர் ஒரு செட்தான் இருக்கு. மூக்குல பெரிய பீரங்கி இருக்கவேண்டிய விமானம் மெஷின்கன் மாதிரி கொட்டுது. இதெல்லாத்தையும் விட படுத்துறது என்னன்னா சிஎஃப்ஜியில எதை மாத்தினாலும் கேம்ல ஒண்ணுமே மாறமாட்டேங்குது, டைட்டிலையே மாத்திப் பாத்துட்டேன், பழைய பேர்லயேதான் வருது. விண்டோஸ் 10. யாராச்சும் வழி சொல்லுங்க.

வானரன்:
கடைசியா சொன்னத முதல்ல பாப்போம், அது சரியாகாம மத்ததுல கைவெச்சு பிரயோஜனமே இல்ல. கேம் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளதானே இருக்கு? பேர் மாத்துறதுக்கு பழைய எடிட்டர் டூல் எதாச்சும் யூஸ் பண்ணீங்களா?

மாறன்45:
ஆமா ப்ரோ புரோகிராம் ஃபைல்ஸ்லதான். முதல் தடவை பேர் மாத்தினது ஒரு பழைய ஏர்கிராஃப்ட் எடிட்டர்ல, அப்புறம் எல்லாமே நோட்பேட அட்மினா ஓபன் பண்ணித்தான் மாத்துறேன்.

வானரன்:
அப்போ அதேதான். பழைய புரோகிராம்கள் புரோகிராம் ஃபைல்ஸ் உள்ள எழுத வந்தா விண்டோஸ் விடாது, ஆனா விடாதது அதுங்களுக்குத் தெரியாம உங்க யூசர் ஃபோல்டர், ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர்னு ஒரு இடத்துல காப்பி போட்டு வச்சுக்கும். கேமும் பழைய புரோகிராம்தான், அதுக்கும் அந்த வர்ச்சுவல்ஸ்டோர் காப்பியத்தான் முதல்ல எடுத்துக் குடுக்கும். நீங்க நோட்பேட்ல திருத்துறது அசல் ஃபைல, கேம் படிக்கிறது இன்னொரு ஃபைல, பின்ன எப்படி மாறும்? அங்க போய் கி-45 ஃபோல்டர் இருந்தா தூக்கிருங்க. முடிஞ்சா கேமையே அன்இன்ஸ்டால் பண்ணிட்டு சி டிரைவ்ல புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளிய தனி ஃபோல்டர்ல போடுங்க, இனிமே இந்தத் தொல்லையே இருக்காது.

மாறன்45:
இருந்துச்சு!! டெலீட் பண்ணதும் டைட்டில் மாறிடுச்சு. எத்தனை நாள் மண்டைய குடைஞ்சுது. ரொம்ப நன்றி ப்ரோ. வீக்கெண்ட்ல வெளிய போட்டு இன்ஸ்டால் பண்ணிடுறேன். இப்போ அந்த வாலு?

ராக்கோழி:
வால் பிரச்சனைக்கு நான் வரேன். ரெட்டை எஞ்சின்னு பி-38 எடுத்தீங்க, ஆனா பி-38 மூக்குச்சக்கரம் வச்ச விமானம் நண்பா, தோர்யூ வால்சக்கரம். சிஎஃப்ஜியில கான்டாக்ட் பாயின்ட்ஸ்னு ஒரு பகுதி இருக்கும், சிமுலேட்டருக்கு விமானம் தரையில எங்க தொடுதுன்னு தெரியறது அதை வச்சுத்தான், மாடல்ல சக்கரம் எங்க இருக்குன்னு அது பாக்கவே பாக்காது. அதனால இல்லாத ஒரு மூக்குச்சக்கரத்து மேல உங்க தோர்யூ மட்டமா நிக்குது. ஒவ்வொரு வரியிலயும் முதல் எண் 1-னா சக்கரம், அடுத்த மூணும் முன்பின், இடவலம், மேல்கீழ். முன்னாடின்னா பிளஸ், பின்னாடின்னா மைனஸ். மூக்குச்சக்கர வரிய எடுத்துட்டு அந்த இடத்துல வால்சக்கரத்த போடுங்க, முன்பின் எண் நல்ல பெரிய மைனஸா வரணும். மெயின் சக்கரம் ரெண்டையும் எடை மையத்துக்குக் கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க, பி-38-ல அது பின்னாடி இருக்கும். இன்னொண்ணு, எல்லாமே அடிக்கணக்கு. புத்தகத்துல நீளம் 11 மீட்டர்னு இருக்கும், நீங்க 36 அடின்னு வச்சுத்தான் போடணும், மீட்டர அப்படியே அடிச்சீங்கன்னா இதைவிட மோசமா நிக்கும்.
அப்புறம் ஸ்டேட்டிக் பிட்ச், ஸ்டேட்டிக் சிஜி ஹைட்னு ரெண்டு வரி இருக்கும், தரையில நிக்கும்போது மூக்கோட சாய்வும் எடை மையத்தோட உயரமும். பி-38-ல பிட்ச் கிட்டத்தட்ட மட்டம், உங்களுக்கு மூக்கு மேல தூக்கி நிக்கணும். ஸீரோவோட சிஎஃப்ஜியில என்ன எண்ணு இருக்குன்னு பாத்து அங்க ஆரம்பிச்சு, வெளிப்பார்வையில டயர் தரைய தொடுற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.
மீட்டருக்கு பதில் சிம்பிள், ஸீரோ ஒத்தை எஞ்சின், அதோட பேனல்ல ரெண்டாவது எஞ்சினுக்கு மீட்டரே கிடையாது. இப்போதைக்கு ஏலியஸ பி-38 பேனலுக்கு மாத்திக்கோங்க, பார்க்க ஜப்பான் மாதிரி இருக்காது, ஆனா ரெண்டு எஞ்சினும் கண்ணுக்குத் தெரியும்.

மாறன்45:
வாவ் நிக்குது ஜி, அசலா நிக்குது, அந்த நீள மூக்கு வானத்த பாத்துக்கிட்டு. டேக்ஆஃப்ல வால் தானா எழும்புது பாக்கவே அவ்ளோ அழகா இருக்கு. பேனலும் மாத்திட்டேன்.

ராக்கோழி:
சந்தோஷம். இப்போ துப்பாக்கி. முதல்ல உங்க மாடல் எந்த வகைன்னு பாருங்க. காக்பிட்டுக்குப் பின்னாடி முதுகுல ரெண்டு குழாய் சாஞ்சு மேல பாத்துக்கிட்டு நீட்டிக்கிட்டிருக்கா?

மாறன்45:
இருக்கு ஜி. அது ஆன்டெனான்னு நினைச்சேன்.

ராக்கோழி:
அது ரெண்டும் 20 மிமீ பீரங்கி. அப்போ உங்களுது தெய் வகை, ராத்திரி வேட்டைக்குன்னே வந்தது. பாம்பருக்கு அடியில போய் கீழ இருந்து மேல சுடறதுக்கு. ஆரம்ப வகையான கோ-வுல மூக்குல ரெண்டு 12.7 மிமீ மெஷின்கன், வயித்துல ஒரு 20 மிமீ பீரங்கி. ஓட்சு வகையில வயித்துல டாங்க் பீரங்கியவே வச்சாங்க, ஒவ்வொரு குண்டா கையால லோடு பண்ணணும். ஹெய்லயும் தெய்லயும் மூக்குல ஹோ-203-ங்கிற 37 மிமீ பீரங்கி வந்துச்சு. டிபி ஃபைல்ல நீங்க போடவேண்டியது இதுதான். 15 குண்டு, நிமிஷத்துக்கு 120, வேகம் வினாடிக்கு 570 மீட்டர் வாக்குல. அதாவது அரை செகண்டுக்கு ஒண்ணு, ஏழெட்டு செகண்ட்ல எல்லாம் காலி. குண்டு மெதுவா போறதால தூரத்துல இருந்து அடிச்சா கீழ விழுந்துரும், நல்லா கிட்ட போய்த்தான் அமுக்கணும். பி-38 எண்ணுங்கள அப்படியே விட்டா இந்த விமானத்தோட குணமே போயிரும், தயவுசெஞ்சு மாத்திருங்க.
முதுகுத் துப்பாக்கி ரெண்டுக்கும் தனி வரி போட்டு, எந்தப் பக்கம் பாக்குதுங்கிற எண்ணுல மேல் நோக்கி சாய்வு குடுங்க. ஜப்பான் கடற்படையோட ராத்திரி வேட்டை விமானமான கெக்கோவுல 30 டிகிரி, அங்க ஆரம்பிச்சு மாடல் குழாயோட ஒத்துப்போற வரைக்கும் ஏத்தி இறக்குங்க. டிபிய மாத்தினதும் அதே ஃபோல்டர்ல டிபியில இருந்து கேம் செஞ்சு வச்ச சிடிபின்னு ஒரு ஃபைல் இருக்கும், அத டெலீட் பண்ணுங்க, கேம் புதுசா செஞ்சுக்கும். இல்லாட்டி பழைய துப்பாக்கியே சுடும்.

வானரன்:
ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன். ஏர் ஃபைல் இன்னும் பி-38 தானே. அதுல டர்போ இருக்கு, உயரத்துலயும் மூச்சு விடாம இழுக்கும். தோர்யூவோட ஹா-102 எஞ்சின் ஒவ்வொண்ணும் 1,080 குதிரைசக்தி, டர்போ கிடையாது. நிஜத்துலயே பி-29 உயரத்துல போனப்போ இதுங்க ஏறிப் பிடிக்கத் திணறுச்சு. 7,000 மீட்டர்ல 540 கிமீக்கு மேல பெருசா போகக்கூடாது, அதுக்கு மேல போச்சுன்னா பவர குறைங்க.

மாறன்45:
துப்பாக்கி வந்துருச்சு ஜி! 37 அடிக்கும்போது ஒவ்வொரு குண்டா போறது கண்ணுக்குத் தெரியுது. முதுகுத் துப்பாக்கிக்கு சாய்வு இன்னும் கொஞ்சம் பாக்கணும். ஏர் ஃபைல இன்னைக்கு ராத்திரி எடுக்குறேன். மிஷன் எங்க வச்சா சரியா இருக்கும்?

ராக்கோழி:
1944 ஜூன் 15 ராத்திரி, கியூஷூல யவாட்டா இரும்பாலை மேல பி-29 வந்துச்சு, அப்போ எழும்பிப் போனது 4-வது சென்டாயோட, அதான் ஜப்பான் ராணுவ விமானப் படைப்பிரிவோட தோர்யூக்கள்தான். உங்ககிட்ட பி-29 மாடல் இருந்தா அதையே செய்யுங்க. தென்பசிபிக்ல ஜப்பான் தளம் இருந்த ரபவுல் பக்கம் பறக்கணும்னா தோர்யூ வேணாம், கெக்கோவ போடுங்க, 1943 மே மாசம் அங்கதான் அது சாஞ்ச துப்பாக்கியால பி-17 பாம்பர்கள சுட்டு இறக்குச்சு. அதுவும் வால்சக்கரம்தான், இப்போ செஞ்சு வச்ச சிஎஃப்ஜிய காப்பி பண்ணிட்டு அளவ மட்டும் மாத்தினா போதும்.