விளம்பரம் உங்களை விடாமல் துரத்திய அனுபவம் உண்டா?

புதுக்கோட்டை மருமகள்:
நாள் தள்ளிப் போயிருந்தது, கிட்டில் இரண்டு கோடு. எங்கள் பக்கம் மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். போலிக் ஆசிட் எப்போது சாப்பிடுவது, பப்பாளி நிஜமாகவே ஆகாதா என்று ராத்திரியில் என் போனில் தேடினேன், அவ்வளவுதான். மறுவாரம் அத்தை கூடத்தில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏம்மா, எனக்கு எதுக்கு இவன் தொட்டில் தொட்டிலா காட்டுறான்?" என்றார். எட்டிப் பார்த்தால் மரத்தொட்டில், பக்கத்தில் ஒரு பெண் வயிற்றைத் தடவியபடி சிரிக்கிறாள். அத்தை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு மாதுளம்பழம் வந்தது.

அவருக்குச் சந்தோஷம்தான், சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனால் அது நான் என் வாயால் சொல்ல வேண்டிய சேதி. என் போன் வேறு, அவர் போன் வேறு, கணக்கும் வேறு. எப்படிப் போனது?

பொள்ளாச்சி இளநீர்:
வேறென்ன, மைக்தான். நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் பேசியிருப்பீர்கள், அது கேட்டிருக்கும். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை என்று சித்தப்பா தோப்பில் புலம்பினார். "மெஷின் வாங்கிடலாமே சித்தப்பா" என்று நான் வாயால் சொன்னதோடு சரி. எங்கேயும் தேடவில்லை. வீட்டுக்கு வந்து போனை எடுத்தால், லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் அதே தென்னை ஏறும் கருவியில் டக் டக்கென்று ஏறிக்கொண்டிருக்கிறார்! கீழே 'இன்றே ஆர்டர் செய்யுங்கள்'. அதிலிருந்து பணம் காசு பேச்சு என்றால் போனை வேறு அறையில் வைத்துவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பழைய மதர்போர்டு:
மைக் கதையை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள்? 2018-லேயே அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் சிக்கவில்லை. சில செயலிகள் திரையில் நடப்பதைப் படம் பிடித்து வெளியே அனுப்பியதுதான் சிக்கியது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை! பொள்ளாச்சிக்காரரே, உங்கள் சித்தப்பா தேடியிருப்பார். இரண்டு போனும் ஒரே இடத்தில் இருந்தன, முடிந்தது கதை.

புதுக்கோட்டை சகோதரிக்கும் அதேதான். வீட்டில் ஒரே வைஃபை என்றால், வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு உங்கள் போனும் அத்தை போனும் ஒரே ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண். ஒரே குடும்பம் என்று ஊகித்து விளம்பரத்தை இரண்டு பக்கமும் தள்ளுவார்கள். ஒட்டுக்கேட்கவே தேவையில்லை.

என் கதை சின்னது. ஆபீஸ் மீட்டிங்கில் என் திரையைப் பகிர்ந்து ஒரு பக்கத்தைத் திறந்தேன். ஓரத்தில் 'இந்தச் சம்பளத்தில் இன்னும் எத்தனை நாள்?' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். மேனேஜர் வாய்விட்டுப் படித்தார்.

சரி, எல்லோரும் இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், விளம்பரங்கள் என்று போனால் விளம்பர ஐடியை, அதாவது விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காணும் எண்ணை, நீக்க வழி இருக்கும். ஐபோனில் 2021-இல் வந்த 14.5 பதிப்பு முதல், மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர நினைக்கும் ஒவ்வொரு செயலியும் முதலில் உங்களைக் கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று அழுத்துங்கள். கூகுளின் விளம்பர அமைப்புகளில் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு, மது, சூதாட்டம், டேட்டிங், எடைக் குறைப்பு விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லலாம். குறைப்பார்கள், அடியோடு நிறுத்த மாட்டார்கள். மைக் பயம் இருக்கிறவர்களுக்கு: ஆண்ட்ராய்டு 12 முதல் எந்தச் செயலி மைக்கைத் தொட்டாலும் மேல் மூலையில் பச்சை அடையாளம் எரியும். அதைப் பாருங்கள், போனை வேறு அறைக்குக் கடத்த வேண்டாம். அப்புறம் டார்ச் செயலிக்கு லொகேஷன் எதற்கு என்று ஒரு தடவையாவது யோசியுங்கள்.

பொள்ளாச்சி இளநீர்:
சித்தப்பாவிடம் இருப்பது பட்டன் போன்.

பழைய மதர்போர்டு:
அவர் பையன்?

குரோம்பேட்டை அக்கா:
தம்பி, உங்கள் செட்டிங் எல்லாம் போனுக்குள்ளே. பில் போடும் இடத்தில் என்ன செட்டிங் மாற்றுவது? தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, ஜவுளிக்கடை, எனக்குப் பின்னால் பெரிய வரிசை. "நம்பர் சொல்லுங்கக்கா." பத்து எண்ணையும் அத்தனை பேர் காதுபட ஒப்பிக்க வேண்டும். போன வருஷம் இப்படிச் சொல்லிவிட்டு வந்த ராத்திரியே தெரியாத எண்ணிலிருந்து 'ஹாய், சேலை கலர் சூப்பர்' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அது போக, கடைக்காரர்கள் வாடிக்கையாளர் எண்களை மொத்தமாக ஃபேஸ்புக்கில் ஏற்றி, அந்த ஆட்களுக்கே விளம்பரம் காட்ட முடியும். ஐடியை நீக்கி என்ன பயன், நம்பர் அப்படியேதானே இருக்கிறது?

இந்தத் தடவை தர முடியாது என்றேன். பில் போட நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது, அதையும் சொன்னேன். பின்னால் ஒருவர் "சட்டம் பேசுற இடமா இது" என்று முனகினார். பில் போடும் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. "நம்பர் இல்லாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதுக்கா" என்றாள். சூபர்வைசர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடகடவென்று பத்து எண்ணை அடித்தாள். யாருடையது என்று கேட்டேன்.

"என்னோடதுதான்க்கா. உங்களை மாதிரி சொல்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் போடுவேன். இந்தக் கடையில நான்தான் அதிகமா துணி வாங்கியிருக்கேன்."