மறு: மைக்ரேன் விட்ட மறுநாளுக்கு ஒரு சொல் – பின்மந்தம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மைக்ரேன் வலி நின்றபின் வரும் போஸ்ட்ரோம் (postdrome) கட்டத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் 'மூளைமூட்டம்', 'பின்சோர்வு' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. 'பின்மந்தம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்வழிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இருபது வருடமாக மைக்ரேன் உண்டு. இங்கே மலையாளத்தில் இதைச் சென்னிக்குத்து என்பார்கள். நமக்குச் சென்னி என்றால் தலை, அவர்களுக்கு நெற்றிப்பொட்டு. வலிக்கு இப்படி அழகான பெயர்கள் இருக்கின்றன, வலி விட்ட மறுநாளுக்குத்தான் பெயரே இல்லை.

போன மாதம் ஒருநாள் ராத்திரி முழுக்க வாந்தியும் வலியுமாகக் கிடந்து, விடிகாலையில் விட்டது. சரி என்று பள்ளிக்குப் போய்விட்டேன். ஐந்தாம் வகுப்பில் 'பள்ளம்' என்று பலகையில் எழுத வேண்டும், 'ப' போட்டாயிற்று, அடுத்த எழுத்து வரவே இல்லை. சாக்பீஸைப் பலகையில் வைத்தபடி நிற்கிறேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், கடைசியில் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாக "டீச்சர், குண்டு ள" என்றாள். பிற்பகல் விடுப்பு கேட்டதற்கு, "வலிதான் விட்டுருச்சே, அப்புறம் என்ன?" என்று பதில் வந்தது. கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குச் சொல்லிப் புரியவைக்க என்னிடம் சொல் இல்லை.

மருந்து எடுக்காவிட்டால் தலைவலி 4 முதல் 72 மணி நேரம் வரை இருக்கும். அது போனபிறகும் ஒரு நாள், சிலருக்கு 2 நாள்கூட, கவனம் நிற்காது, சொல் நினைவுக்கு வராது, கழுத்து இறுகியிருக்கும், குனிந்தால் வலித்த இடம் விண்ணென்று தெறிக்கும். இது நோயின் ஒரு கட்டம், சோம்பல் இல்லை.

'மூளைமூட்டம்' ஆங்கிலத்தின் 'brain fog'-ஐ அப்படியே பெயர்த்தது. அது ஒரு கட்டத்தின் பெயராகவும் இல்லை. கொரோனா வந்து போனவர்களுக்கும் அதே தொல்லை இருந்ததே. 'பின்சோர்வு' இன்னும் சிக்கல். மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதற்குத் தனி சிகிச்சை வேண்டும். ஒருவர் "சோர்வாக இருக்கிறது" என்றால் டாக்டர் இரண்டில் எதை எடுத்துக்கொள்வார்? இங்கே குழப்பம் வந்தால் பாதிப்பு நோயாளிக்குத்தான்.

மந்தம் என்பது மந்தபுத்தியை நினைவூட்டும், வசவாகிவிடும் என்று ஒரு ஐயா எழுதியிருந்தார். நியாயமான பயம், மலையாளத்திலும் அது வசவுதான். ஆனால் வயிறு மந்தம் என்கிறோம், வியாபாரம் மந்தம் என்கிறோம், வானம் மந்தமாக இருக்கிறது என்கிறோம், எல்லாமே வந்து போகிற நிலைகள். மந்தபுத்தி என்பது ஆளின்மேல் ஒட்டுகிற முத்திரை. 'பின்' முன்னால் வந்துவிட்டால், இது எதற்கோ பின்னால் வந்தது, போய்விடும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. எங்கள் தெரு அக்காமார்களும் "தலை மந்தமா இருக்குது" என்றுதான் சொல்கிறார்கள், படிக்காதவர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை.

வலி தொடங்குமுன் வரும் முன்கட்டத்துக்குச் சித்த மருத்துவத்தில் முற்குறிகுணம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, கொட்டாவி, எரிச்சல் எல்லாம் அதில் அடங்கும், புதிதாகத் தேட வேண்டாம். ஆராவுக்கு (aura – பெரும்பாலும் வலிக்குச் சற்று முன் பார்வையோ உணர்வோ பேச்சோ கொஞ்ச நேரம் தடுமாறுவது) மட்டும் 'ஒளிவட்டம்' என்று தயவுசெய்து போடாதீர்கள். அது சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பது. ஆரா எல்லாருக்கும் வெளிச்சமாகவும் வருவதில்லை, சிலருக்கு விரலில் மரமரப்பு தொடங்கிக் கையில் ஏறி உதடு வரைக்கும் ஊரும், சிலருக்குப் பேச்சு தடுமாறும். அதைத் தனி இழையில் பேசலாம்.

பின்மந்தத்தை நான் ஒரு விடுப்புக் கடிதத்தில் எழுதிப் பார்த்தேன்: "நேற்றைய மைக்ரேனின் பின்மந்தம் இன்னும் தெளியாததால்..." படிக்க உறுத்தவில்லை. தெளிதல் என்ற வினையும் தானாக வந்து சேர்ந்துகொண்டது.

செங்கோட்டை, குமுளி, களியக்காவிளைப் பக்கத்து நண்பர்களே, வலி விட்ட மறுநாளை உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? இதைவிட நல்ல வழக்குச் சொல் ஒன்று இருந்தால் பின்மந்தத்தை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.